நூற்றெட்டு நெறிகளின் படிகளை அனுப்பாமைக்குக் காரணம் கூறும் ஓலை

மழை தன் தவணையை மறவாதிருக்க. ஏரி தன் கரையை மீறாதிருக்க. இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆறு எந்தக் கரையையும் தன்னுடையது என்று எண்ணாமல் இரண்டையும் நனைத்துச் செல்க.

தண்பொழில் நாட்டுக் காவலரும், ஏழு வாவி கண்டவரும், தளிர் உண்ணும் மான் நிற்கக் கண்டால் தேரை நிறுத்துபவருமான மன்னர் இளஞ்சேந்தர் திருவுளப்படி, கருங்கய நாட்டின் பேரமைச்சரும், யானைகள் நீராடும் துறையில் மாந்தர் துணி துவைக்கலாகாது என்று ஆணையிட்டு யானைகளின் நன்மதிப்பைப் பெற்றவருமான ஆதன் நெடுவேளார் திருமுன் வைக்க விடுத்த ஓலை. தங்கள் அரசியார் நலம் பெருகுக. தங்கள் யானைகளின் நலமும் பெருகுக. எம் மன்னரின் பட்டப்பெயர்கள் முப்பத்திரண்டில் மூன்றே மேலே காணப்படுகின்றன. எஞ்சியவை விடுபட்டது எழுதுவோன் சோர்வினால் அன்று. அவை விடுபட்ட காரணமும் இவ்வோலையின் பொருளும் ஒன்றே.

கடந்த தை மாதத்தில் தங்கள் தூதர் எம் அவைக்கு வந்து, நிலமும் நீரும் மாசுபடாமல் குடிமக்கள் வாழ்வதற்கென இந்நாடு இயற்றிய பசுமை நெறி நூற்றெட்டின் புகழ் தங்கள் நாட்டிலும் பரவியதாகவும், தங்கள் ஐந்நூறு ஊருக்கும் ஊருக்கொரு முழுப்படி வேண்டுமென்றும் கேட்டார். ஏழு திங்கள் கழிந்து இப்போது மறுமொழி வருகிறது. படிகள் வரவில்லை, இனியும் வாரா. ஏன் வாரா என்பதைத் தங்களுக்கு ஒளிவின்றி எழுதுவதே நட்புக்கு அழகு என்று மன்னர் கருதினார்.

நடந்ததை எழுதும் பொறுப்பு, நடந்ததற்குக் காரணமானவனுக்கே தரப்பட்டது. அவன் இந்நாட்டின் ஓலைநாயகம், அதாவது அரசாணைகளுக்குச் சொல் தருபவன், பெயர் பொழிலாளன். பிழை செய்தவன் ‘நான்’ என்று எழுதப் புகுந்தால் மூன்றாம் வரியில் தன்மேல் இரக்கமும் ஆறாம் வரியில் தன்மேல் பெருமையும் கொள்வான், ஆதலின் ‘அவன்’ என்றே எழுதுக என்று மன்னர் பணித்தார். பேசப்பட்டவற்றுள், ஏடு தரும் ஊராரான குரும்பைக்குடியாரின் பேச்சைப் பொழிலாளன் தன் நடைக்குத் திருத்தலாகாது, வாயிலிருந்து வந்தவாறே வைக்க வேண்டும் என்றும் பணித்தார். ஆகவே இடையிடையே இவ்வோலையின் நடை செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது போலத் தோன்றினால் பொறுத்தருள்க.

தங்கள் தூதர் வருவதற்குப் பத்துத் திங்கள் முன், பங்குனியில் மன்னர் நகர்வலம் போந்தபோது மூன்று காட்சிகளைக் கண்டார். தெருச் சருகைக் குவித்து எரித்த புகையில் அரண்மனைக் குதிரை தும்மித் தும்மி வழி தவறியது. சந்தை கலைந்த திடலில் தேக்கிலைப் பொட்டலமும் தொன்னையும் கணுக்கால் அளவு கிடந்தன. நகரின் தாமரை வாவியில் தாமரைக்குப் பதிலாகச் செந்நுரை பூத்திருந்தது. மன்னர் அன்றே பொழிலாளனை அழைத்து, வீட்டில் இருப்போர் அன்றாடம் செய்யத்தக்கவற்றை, தலையில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பவள் குடத்தை இறக்காமலே கேட்டு முடிக்கும் அளவில் எழுதித் தருக என்றார்.

பொழிலாளனுக்கு ‘எழுதுக’ என்ற சொல் நன்றாகக் கேட்டது. குடம் பற்றிய பகுதி அவ்வளவாகக் கேட்கவில்லை.

ஒன்பது நாளில் நல்ல நெறிகள் நாற்பது வந்துவிட்டன. ஆனால் நாற்பது ஒரு நிறைவான எண்ணா என்ற ஐயம் அவனைத் துளைத்தது. நூற்றெட்டு என்பதே மாலைக்கும் மந்திரத்துக்கும் ஒத்த எண் எனத் துணிந்து, எஞ்சிய அறுபத்தெட்டையும் நிலத்திலிருந்து அல்லாமல் தன் தலையிலிருந்தும் பழஞ்சுவடியிலிருந்தும் எடுத்தான். எழுபத்து மூன்றாம் நெறி, நிழலில் நிற்போர் நிழல் தந்த மரத்துக்கு ஒருமுறை தலை வணங்குக என்பது. எண்பத்தாறாம் நெறி, கொட்டாவி விடுவோர் காற்றை வீணாக்காதவாறு அளவாக விடுக என்பது. எழுதிய காலத்தில் எண்பத்தாறு மிகச் சிறந்ததென்றே அவனுக்குத் தோன்றிற்று. அதன் ஓசைநயத்தை இன்றும் அவனால் முற்றிலும் வெறுக்க இயலவில்லை.

இவ்விடத்தில் எம் நாட்டு வழக்கங்கள் சிலவற்றைத் தாங்கள் அறிதல் வேண்டும். அரசாணைக்குரிய ஏடு குரும்பைக்குடி என்னும் ஊரின் பனந்தோப்பிலிருந்து மட்டுமே வரும். முழ நீளத்துக்கு நரம்பு புடைக்காத ஏடு வேறெங்கும் இல்லை என்பது முன்னோர் துணிபு. ஓர் ஏட்டில் ஓர் ஆணையே எழுதப்படும். ஒவ்வோர் ஆணையின் தலையிலும் பட்டப்பெயர் முப்பத்திரண்டும் நிற்கும். ஏட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதப்படும். மறுபக்கத்தில் எழுதுவது மன்னர் முதுகில் எழுதுவதற்கு ஒப்பாகும் என்பர். ஆணை பெற்ற ஊரார் பெற்றோம் என்று மறுமொழி எழுதும் ஏடும் அத்தோப்பினதாகவே இருத்தல் வேண்டும். மன்னர் கண்ணில் படுவது வேற்றோலையாதல் கூடாது.

ஆக, நூற்றெட்டு நெறிக்கு நூற்றெட்டு ஏடு. ஊர் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு மறுமொழி ஏடு. நெறிகள் அனைத்திலும் உள்ள அசைகளைப் பொழிலாளன் இருமுறை எண்ணியிருந்தான். ஏடுகளை ஒருமுறையும் எண்ணவில்லை. ஏடு எழுத்தறைக்கு வரும், எழுதினால் தீரும், ஆள் அனுப்பினால் மறுபடி வரும். எங்கிருந்து வருகிறது என்று எண்ணுவது, சோறு உண்பவன் ஒவ்வொரு பருக்கைக்கும் வயல் கேட்பது போன்றது என்று அவன் கருதியிருந்தான்.

தங்கள் தூதர் வந்து போன பின் அவன் நடையே மாறிற்று. தன் சொல் ஆறு கடந்து அயல்நாட்டுக்குச் செல்கிறது. படிகள் வண்டியேறும் நாளில் அவனுக்குப் பொன்னெழுத்தாணி வழங்குவதாக மன்னரும் சொல்லியிருந்தார். ஆதலின் ஐந்நூறு ஊர்ப் படிக்கு வேண்டும் ஆயிரத்து முந்நூற்றைம்பது பனங்குருத்தை உடனே வெட்டித் தருக, மறுப்போர் மரவுரிமை இழப்பர் என்று குரும்பைக்குடிக்கு ஓலை போக்கினான். குருத்தென்பது பனையின் உச்சியில் விரியாமல் கூம்பி நிற்கும் இளவோலை, ஏடாவது அதுவே. பங்குனி முடிந்தும் குருத்து வரவில்லை. சித்திரைத் தொடக்கத்தில் பொழிலாளன் பல்லக்கேறித் தானே புறப்பட்டான்.

குரும்பைக்குடி தலைநகரிலிருந்து ஒன்றரைக் காதம். தோப்பின் வாயிலில், தோளில் மரமேறும் தளைநாரும் மடியில் பாதி முடைந்த கொட்டான் என்னும் ஓலைக்கூடையுமாக ஒருத்தி அமர்ந்திருந்தாள். அத்தோப்பில் மரமேறும் நாற்பது வீட்டாருக்கும் தலைவியான கொற்றி அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து வணங்கினாள், வணங்கிய பின் பல்லக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

“இறக்கி வைங்கய்யா, தோள் நோகும். உள்ள இருக்கிறது ஆளா, ஓலைக்கட்டா?”

“ரெண்டுந்தான் தாயி,” என்றான் பல்லக்குச் சுமந்தவர்களுள் ஒருவன். “ஓலைதான் கனம்.”

பொழிலாளன் திரையை விலக்கி இறங்கினான்.

“நடந்து வருவீகன்னுல்ல பாத்துக்கிட்டிருந்தோம்,” என்றாள் கொற்றி. “பத்தொம்பதாம் ஓலை இருக்கே. ரெண்டு காதத்துக்குள்ளன்னா காலால போ, வண்டிமாட்டை வதைக்காதன்னு.”

அரசுப்பணிக்கு அந்நெறி பொருந்தாது என்று பொழிலாளன் விளக்கினான்.

“அப்படின்னு ஓலையில போடலையே. போட்டிருந்தா நாங்களும் சந்தைக்கு அரசுப்பணியாத்தான் போறோம்னு சொல்லியிருப்போம். மாடு பூட்டியிருக்கலாம்.”

பின்னால் நின்ற மரமேறிகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டனர். தோள்கள் குலுங்கியதைப் பொழிலாளன் கண்டான். கண்டும் காணாதவனாகத் தன் ஆணையை எடுத்து, பட்டப்பெயர் முப்பத்திரண்டையும் உரக்கப் படித்து, குருத்தின் தொகையையும் மறுத்தால் வரும் தண்டத்தையும் கூறி முடித்தான். கொற்றி இறுதிவரை நின்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

“ஏய் பூதி, அந்த அறுபத்தொண்ணை எடுத்தா.”

அறுபத்தோராம் நெறி ஓர் உப்புப் பானையின் மூடியாக இருந்தது. எப்பொருளையும் எறியற்க, இரண்டாம் பயன் காண்க என்னும் பன்னிரண்டாம் நெறிப்படி அவ்வூரார் ஏடுகளுக்கெல்லாம் பயன் கண்டிருந்தனர்: பத்து ஏடு விசிறியாகியிருந்தது, நாலைந்து பிள்ளைகளின் காற்றாடியாகியிருந்தன, எண்பத்தாறாம் நெறி ஒரு வீட்டுக் கதவிடுக்கில் செருகிக் கிடந்தது. பூதி என்பவள் உப்பைத் துடைத்து ஏட்டை நீட்டினாள்.

“எங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஏடு வாங்க வாரவரு படிச்சுச் சொல்லித்தான் எது எந்த ஓலைன்னு தெரியும்,” என்றாள் கொற்றி. “எழுதின வாயால கேட்டா நல்லாருக்கும். படிங்கய்யா.”

பொழிலாளன் படித்தான். பனையின் குருத்தை மரத்துக்கு ஈராண்டில் ஒன்றுக்கு மேல் வெட்டுவோரும் வெட்டுவிப்போரும் மரவுரிமை இழப்பர். உரத்துத் தொடங்கிய குரல் முடியும்போது அவனுக்கே கேளாத அளவில் இறங்கிவிட்டது. ஏதோ பழஞ்சுவடியில் கண்டு, ஓசை பிடித்துப்போய் எடுத்தாண்ட நெறி அது.

“வெட்டினா இந்த ஓலை மரத்தைப் பிடுங்கும். வெட்டலைன்னா உங்க கையில இருக்கிறது பிடுங்கும். ரெண்டுலயும் ஒரே முத்திரை. எந்தப் பக்கம் சாஞ்சாலும் நாப்பது வீட்டுக்கும் மரம் இல்லை. நீங்களே சொல்லுங்க, இதுல எந்த ஓலை பொய்?”

இது ஆராயப்படும் என்றான் பொழிலாளன்.

“ஆராய வேண்டாம். அண்ணாந்து பாருங்க, போதும்.”

பொழிலாளன் அண்ணாந்து பார்த்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பனையோலையில் எழுதுபவன், பனையை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தது அன்றுதான். உச்சியில் நின்ற ஓலைகள் குட்டையாய், நுனி காய்ந்து, மழை நனைத்த கோழியின் இறகு போல ஒடுங்கியிருந்தன. நடுவே வாள் போல் எழ வேண்டிய குருத்து ஒரு சாண் கூட இல்லை. அப்பால் சில மரங்களுக்குத் தலையே இல்லை; தூண்களாக நின்றன.

“போன சித்திரையில இந்த ஒரு மரத்துல மட்டும் பதினாலு தூக்கணாங்குருவிக் கூடு,” என்றாள் கொற்றி. “ஓலை நீளமா இருந்தாத்தான் நுனியில கட்டும். இப்ப அதுக கிணத்தடி ஈச்சஞ்செடியில கட்டுதுக. பாம்பு மரமேற வேண்டாம், தலையைத் தூக்கி முட்டையை எடுத்துக்கிடுது.”

நுங்குக் காலமாயிற்றே, மரத்தில் காயே இல்லையே என்று பொழிலாளன் கேட்டான். பேச்சை மாற்றக் கருதிக் கேட்டது அது.

“நாப்பத்தஞ்சாம் ஓலையில கோடைக்கு நுங்கு தின்னுன்னு நீங்கதான எழுதியிருக்கீக. எங்கேருந்துன்னு எழுத மறந்துட்டீக. குருத்தை எடுத்துக்கிட்டே இருந்தா மரம் பாளை எங்க விடும்? உசுரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவே அதுக்குத் தெம்பு பத்தலை.”

அதன்பின் அவள் ஓர் ஓலைப்பெட்டி நிறைய உலர்ந்த பனங்கொட்டையைக் கொண்டுவந்து அவன் முன் கொட்டினாள். ஒரு குருத்தில் பழுதில்லாத ஏடு நாற்பது தேறும் என்றாள். தோப்பில் மரம் இருநூற்றெண்பது என்றாள். மற்றதை ஐயாவே போடட்டும் என்றாள். பொழிலாளன் மணலில் அமர்ந்து கொட்டைகளை நகர்த்தி முதன்முறையாகக் கணக்கிட்டான். ஆணைக்கும் மறுமொழிக்குமாக அறுபத்தேழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஏடு. குருத்து ஆயிரத்து அறுநூற்றெண்பத்தைந்து. மரத்துக்கு ஆறு. இருமுறை போட்டும் ஆறாகவே வந்தது.

“பத்து மாசத்துல ஆறு,” என்றாள் கொற்றி. “உங்க அறுபத்தொண்ணுப்படி பன்னெண்டு வருசத்துக்கானது. நீங்க நல்லதைச் சொல்லத்தான் எழுதினீக, அதுல சந்தேகமே இல்லை. சொன்ன நல்லதைத் தாங்க எங்க மரத்தால முடியலை.”

ஏழாவது குருத்தை எடுத்தால் என்னாகும் என்று கேட்டான்.

“அந்தா நிக்குதுல்ல தூணு, பதினேழு. அதுக மாதிரி ஆகும்.”

இங்கே பொழிலாளன் நினைத்தது ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பொன்னெழுத்தாணி அவன் கண்முன் வந்தது. இச்சிக்கலை எளிதில் தீர்க்கலாம் என்று தோன்றிற்று. அறுபத்தோராம் நெறியின் இறுதியில் ‘அரசுப்பணி நீங்கலாக’ என்று இரண்டே சொற்களைச் சேர்த்துவிட்டால் எந்த ஓலையும் பொய்யாகாது. அத்திருத்தத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு ஊருக்கும் அறிவிக்க முந்நூற்றுப் பன்னிரண்டு ஏடு வேண்டும். அவன் கை தானாகக் கொட்டைகளை நகர்த்திற்று. எட்டுக் குருத்து. மறுமொழிக்கு இன்னும் எட்டு.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கொட்டைகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டான். பிறகு, நாளைக் காலையில் தன்னோடு அவைக்கு வர இயலுமா என்று கொற்றியைக் கேட்டான்.

“வாரேன். பல்லக்கு?”

வெறுமையாகத் திரும்பும் என்றான். பல்லக்குச் சுமந்தோர் அன்று பாடிக்கொண்டே நகர் திரும்பினர். மறுநாள் வழி நெடுக ஓலைநாயகத்தின் செருப்பு அவன் காலில் இருந்ததைவிடக் கையில் இருந்த நேரமே மிகுதி.

அவையில் வழக்கு எடுக்கப்பட்டபோது அறங்கூறவையத் தலைவர் அரிகண்டர், ஒரே முத்திரையுள்ள ஈராணைகள் முரணினால் பின்னது முன்னதை வெல்லும், ஆதலின் குருத்து வெட்டப்பட வேண்டும், மறுத்த நாற்பது வீட்டாரும் மரவுரிமை இழந்தோரே என்று நூல்வழி நின்று தீர்ப்புரைத்தார். அவருக்குக் கொற்றியிடம் பகையில்லை, நூலிடம் பணிவு. மன்னர் உடனே ஒப்பாமல், நூற்றெட்டு நெறிகளுள் குரும்பைக்குடியார் கைக்கொண்டவை எத்தனை என்று கொற்றியை வினவினார்.

“அஞ்சு, ராசா.”

பொழிலாளன் தலை குனிந்தான். ஐம்பதாவது இருக்கும் என்று எண்ணியிருந்தான்.

“சந்தைக்குப் போறப்ப சொந்தக் கொட்டானும் எண்ணெய்க்குச் சொந்தக் கலயமும் எடுத்துட்டுப் போறோம், பொட்டலம் கட்ட இலை வேண்டாம். அரிசி கழுவுன தண்ணியும் ஏனம் கழுவுன தண்ணியும் வாழைக்கும் முருங்கைக்கும் போகுது, தெருவுக்குப் போறதில்லை. சருகை எரிக்கிறதை விட்டுட்டோம், வீட்டுக்கு ஒரு குழி, அதுல சாணியும் சருகும் மாத்தி மாத்திப் போட்டா ஆறு மாசத்துல உரம். நிலா இருக்கிற பத்து நாளும் விளக்கு ஏத்துறதில்லை, மத்த நாள்ல ரெண்டு வீட்டுக்கு ஒரு விளக்கு. இதுல ஒரு வசதி, யாரு என்ன சமைச்சாங்கன்னு தெரிஞ்சு போகும். அப்புறம் ஒடஞ்சதை ஒட்டிப் பாத்துட்டுத்தான் புதுசு. ஒட்டாத பானையோட்டுல கோடைக்குக் குருவிக்குத் தண்ணி. இவ்வளவுதான்.”

எஞ்சிய நூற்று மூன்றும் என்னாயின என்று மன்னர் வினவினார்.

“பாதி நாங்க முன்னமே செய்யுறது. மீதி செய்ய முடியாதது. எழுபத்து மூணுல, நிழல்ல நிக்கிறப்ப மரத்தைக் கும்பிடுன்னு இருக்காம். நாங்க விடிஞ்சா மரத்து மேலதான் இருக்கோம். யாரு யாரைக் கும்பிடுறது?”

அவையில் எழுந்த நகைப்பு அடங்கியபின், எழுத்தறியாதோர் இவ்வைந்தை மட்டும் எவ்வாறு தெரிந்து கொண்டனர் என்று அரிகண்டர் கேட்டார்.

“முரசடிக்கிறவரு சொன்னாரு. நூத்தெட்டும் அவருக்கு மனப்பாடம் ஆகலை. நினைவுல நின்ன அஞ்சைச் சொல்லிட்டு, மீதி ஓலையில இருக்கு, பாத்துக்கிடுங்கன்னு போயிட்டாரு. நல்ல மனுசன்.”

குடத்தை இறக்காமலே கேட்டு முடித்ததுண்டா என்று மன்னர் வினவியதற்கு, உண்டு, தண்ணீர் சிந்தவும் இல்லை என்றாள் கொற்றி. மன்னர் பொழிலாளனைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வையை விரித்துரைக்க அவனுக்கு ஆணையில்லை.

பின்னர் கொற்றி, கேட்கலாமானால் இன்னொன்று கேட்பதாகச் சொன்னாள். கேட்க என்றார் மன்னர்.

“வார வழியில தாமரை வாவியைப் பாத்தேன். போன வருசத்தைவிட நுரை கூட. நாங்க அரிசித் தண்ணியைச் சொட்டு விடாமப் பிடிக்கிறோம். அந்த நுரை எங்க கொட்டான்லருந்தா வருது?”

வாவியின் வடகரையில் இருப்பது அரண்மனைச் சாயப்பட்டறை என்பதை அவையில் அறியாதார் இல்லை. நூற்றெட்டு நெறிகளில் ஒன்றும் அதைப் பற்றி இல்லை என்பதையும் எல்லோரும் அக்கணமே நினைவுகூர்ந்தனர். மன்னர் தம் செம்பட்டு மேலாடையின் நுனியைக் கையிலெடுத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மடித்து இருக்கையின் மேல் வைத்தார்.

அப்போது பொழிலாளன் முன்வந்து விண்ணப்பித்தான். ஈராணையும் தான் எழுதியவை. அறுபத்தொன்று மரத்தை அறிந்த எவனோ முன்னம் எழுதியதைத் தான் எடுத்தாண்டது, குருத்து கேட்ட ஆணை மரத்தை அறியாத தான் எழுதியது. ஆதலின் பின்னதை அழித்து முன்னதை நிறுத்துக. நூற்றெட்டின் படியும் ஆற்றைக் கடக்க வேண்டாம். எழுத்தாணி தனக்கு இரும்பிலேயே இருக்கட்டும். சொன்னபின், அதுகாறும் தன் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை என்பதை உணர்ந்தான்.

அரிகண்டர் ஏட்டைப் புரட்டிவிட்டு, அறுபத்தொன்று நிற்குமாயின் அதன் தண்டமும் நிற்கும், வெட்டுவிப்போர் என்ற சொல் அதில் உண்டு, ஆக மரவுரிமை இழக்க வேண்டியவர் ஓலைநாயகமே என்றார். நூல் அன்று அவருக்கு மிகவும் இனித்திருக்க வேண்டும். ஆனால் பொழிலாளனுக்கு ஒரு முருங்கைக் கன்று கூட இல்லை. இல்லாததை எவ்வாறு பறிப்பது என்று அவை மயங்கிற்று.

“பறிக்க வேண்டாம், ராசா,” என்றாள் கொற்றி. “நடச் சொல்லுங்க. வெட்டுன ஒரு குருத்துக்கு ஒரு கொட்டை. ஆவணியில ஆரம்பிச்சா மண்ணு பிடிச்சுக்கிடும்.”

அவ்வாறே ஆயிற்று. அன்று பிறந்த ஆணைகளைத் தாங்கள் அறியும்பொருட்டு எழுதுகிறோம். குரும்பைக்குடித் தோப்பில் மூன்று மழைக்காலம் முடியும்வரை ஒரு குருத்தும் வெட்டலாகாது. அமைச்சர் கேட்பினும், அயல்நாடு கேட்பினும், மன்னரே மறந்து கேட்பினும் அறுபத்தொன்றே விடை. கொற்றி முதலான நாற்பது வீட்டாரின் மரவுரிமை, அவர் மக்கள் மக்களுக்கும் நிற்கும். சாயப்பட்டறை நீர் மூன்று குழிகளில் தெளிந்த பின்னரும் வாவியில் கலவாது. குழிகள் முடியும்வரை பட்டறை மூடியிருக்கும். இதனால் எம் அவையோர் இப்போது சாயமிடாத வெள்ளாடையே உடுத்துகின்றனர். அவை கூடும்போது அறுவடை வயலில் கொக்குகள் இறங்கியது போல் இருக்கிறது என்று நகரத்தார் சொல்லிக் கொள்கின்றனர். ஏட்டின் மறுபக்கத்தில் எழுதுவது இனி எவர் முதுகுக்கும் இழுக்காகாது. ஊர்கள் திருப்பியனுப்பிய பழைய ஏடுகளின் வெறும் பக்கங்கள் எம் எழுத்தறைக்குப் பல்லாண்டு போதும். இவ்வோலையும் அவற்றின் மேலேயே எழுதப்பட்டது. எங்கேனும் உப்பின் மணம் வீசினால் வியக்கற்க.

செய்திகளுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. வாவியின் நுரை ஆடி மழையோடு அடங்கிவிட்டது. தாமரை இன்னும் வரவில்லை. தோப்பில் பட்டுப்போன பதினேழும் பட்டவையே. இருநூற்று அறுபத்து மூன்று மரங்கள் நிற்கின்றன. தூக்கணாங்குருவிகள் இவ்வாண்டு ஈச்சஞ்செடியை விட்டு மேலேறவில்லை. அடுத்த ஆண்டு ஏறும் என்று உறுதி கூறக் குரும்பைக்குடியார் மறுக்கின்றனர். பொழிலாளன் இந்நாள்வரை ஏரிக்கரை நெடுக அறுநூற்றுப் பன்னிரண்டு கொட்டை நட்டுள்ளான். ஆழம் போதாதென்று அவற்றுள் முப்பதைக் கொற்றி தோண்டியெடுத்து மீண்டும் நடச் செய்தாள். எழுத்தாணி பிடித்த விரலில் மண்வெட்டிக் காய்ப்பு ஏறியிருப்பதால், எழுத்து ஆங்காங்கே கோணியிருக்கலாம்.

ஆதலின், ஆதன் நெடுவேளார் திருமுன் எம் மன்னர் வேண்டுவது இது. ஐந்நூறு ஊருக்கும் ஓலை அனுப்பற்க. ஐந்நூறு ஊருக்கும் வாய் அனுப்புக. நினைவாற்றல் குறைந்த முரசறைவோர் பதின்மரைத் தேர்ந்து இங்கு விடுக்க. அவர்கள் குரும்பைக்குடியில் இரண்டு நாள் தங்கி, அவ்வைந்தையும் செய்வாரோடு செய்து பார்த்து, மறக்க முடியாமற் போனவற்றை மட்டும் சுமந்து நடந்தே ஊர் திரும்புக. தங்கள் அரண்மனைக்குச் சாயப்பட்டறை இருப்பின், முரசறைவோர் திரும்பும் முன் அதைப் பார்த்து வைப்பது நன்று. அவர்கள் சொல் கேட்டோர் அரண்மனையையும் கேட்பார்கள். தோப்பின் ஏட்டுக்கு இனி எந்நாட்டிலிருந்தும் ஆள் வரலாகாது என்பது மட்டும் வேண்டுகோள் அன்று, ஆணை.

ஆவணித் திங்கள் பதினொன்றாம் நாள், முற்பகலில், ஏரிக்கரையில் வைத்து எழுதி, மன்னர் கேட்டு இசைந்து, மான் முத்திரை ஒன்றே இட்டு விடுத்தது. எழுதினவன் ஓலைநாயகம் பொழிலாளன். நூல்வழி பிழையில்லை எனக் கண்டவர் அரிகண்டர். படிக்கக் கேட்டு, கைநாட்டாகத் தளைநாரின் முடிச்சு வரைந்து, சான்று நின்றவள் குரும்பைக்குடிக் கொற்றி, அவள் சான்றுமொழி அவள் சொன்னவாறே: “நடந்தது இதுதான். ஏழாங்குருத்து மரத்துலயே நிக்குது, இப்ப ரெண்டு முழம் இருக்கும். சந்தேகம்னா அமைச்சரு வந்து அண்ணாந்து பாத்துக்கிடட்டும்.”